சுமை வண்டியா, பந்தய வண்டியா?

மாட்டு வண்டியின் காலம் முடிந்துவிட்டது என்று நகரத்தார் எண்ணுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது முடியவில்லை. இரண்டு வேறு உருவங்களில் வாழ்ந்து கொண்டிருக்கிறது. ஒன்று, எருவும் வைக்கோலும் விறகும் ஏற்றிக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்குமாக நடக்கும் சுமை வண்டி. மற்றொன்று, பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டிச் சாலையில் விரையும் பந்தய வண்டி. இரண்டுக்கும் சக்கரம் இரண்டு, நுகம் ஒன்று, மாடு இரண்டு. பார்வைக்கு உள்ள இந்த ஒற்றுமையைக் கண்டு, இரண்டும் ஒரே பொருள்தான், வேகம் மட்டுமே வேறு என்று பலர் கருதிவிடுகின்றனர்.

இக்கருத்தினால் விளையும் நஷ்டம் சிறிதன்று. "வேலை நாளில் சுமை இழுக்கட்டும், திருவிழா நாளில் பந்தயம் ஓடட்டும்" என்ற எண்ணத்துடன் கடன் வாங்கி ஒரு ஜோடி பிடிக்கும் விவசாயிக்கு, ஈராண்டுக்குள் வேலையும் இல்லை, பந்தயமும் இல்லை, கடன் மட்டும் உண்டு என்ற நிலை ஏற்படுகிறது. ஆகவே, எந்த வண்டி எந்தப் பயனுக்கு உரியது, அதைத் தேர்வது எவ்வாறு, தேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு யாது என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நமது நிலத்தின் இயல்பு

வண்டியைத் தேர்வதற்கு முன் அது செல்ல வேண்டிய தரையை அறிதல் வேண்டும். நமது மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களிலும் தரை ஒரே தன்மையுடையதன்று. விராலிமலை, அன்னவாசல், பொன்னமராவதிப் பகுதிகளில் பாறையும் சரளையும் மிகுதி. ஆலங்குடியைச் சுற்றியுள்ள செம்மண் பூமியில் கடலையும் மலர்களும் வாழையும் தென்னையும் பயிராகின்றன. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்தில் கல்லணைக் கால்வாயின் கடைமடை நெல் வயல்கள் உள்ளன. இவற்றோடு, ஏரி, கண்மாய், குளம் என்று ஆயிரக்கணக்கான நீர்நிலைகளும் அவற்றின் கரைகளும் மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன.

இத்தரைகளில் டிராக்டர் செல்லக்கூடிய இடங்கள் பல. ஆனால் குறுகிய வரப்பு, ஈரம் காயாத களம், வாழைத் தோட்டத்தின் இடைவழி, கண்மாயின் உள்வாய் போன்ற இடங்களில் பாரமான இயந்திரம் புதைந்துவிடுகிறது. அல்லது மண்ணை அழுத்திக் கெடுக்கிறது. இங்கெல்லாம் இரண்டு மாடுகள் நிதானமாக நடந்து வேலையை முடிக்கின்றன. தைல மரமும் சவுக்கும் வெட்டும் காலத்தில் சாலை வரை விறகைச் சேர்ப்பதற்கும், உரிய அனுமதி பெற்றுக் கண்மாயின் வண்டலை வயலுக்கு அடிப்பதற்கும் சுமை வண்டி இன்றும் பயன்படும். எனவே சுமை வண்டியைப் பழமையின் சின்னமென்று ஒதுக்குதலும் தவறு. எல்லா வேலைக்கும் அதுவே போதுமென்று கொள்ளுதலும் தவறு.

வண்டியின் அமைப்பு

சுமை வண்டியின் அழகு அதன் உறுதியில் உள்ளது. தடித்த அச்சு, அகன்ற வட்டை, கனமான ஏர்க்கால், சுமையைத் தாங்கும் சட்டம், பக்கங்களில் முளைக்குச்சிகள் ஆகியவை அதன் உறுப்புகள். சுமையின் பெரும் பகுதி அச்சின்மீது நிற்குமாறு பாரத்தைச் சமன் செய்து ஏற்ற வேண்டும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு குரல்வளையை இறுக்கும்.

இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரத்தைக் காட்டிலும் காற்றடைத்த டயர் பூட்டிய சக்கரம் எளிதில் உருளும். 1970களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். இராமசாமி அவர்கள், மாட்டு வண்டியைச் சீர்திருத்துவது நாட்டின் போக்குவரத்துக்கும் மாட்டின் நலத்துக்கும் ஒருங்கே நன்மை தரும் என்று ஆய்ந்து வலியுறுத்தினார். டயரும் உருளைத் தாங்கியும் பூட்டிய வண்டியில் அதே மாடுகள் அதிகச் சுமையைக் குறைந்த சிரமத்துடன் இழுக்கும். இழுவை விலங்குகள் பற்றிய 1965ஆம் ஆண்டு விதிகளும் சக்கரத்தின் வகைக்கும் மாட்டின் எடைக்கும் ஏற்பவே ஏற்றத்தக்க சுமையை வரையறுக்கின்றன.

பந்தய வண்டியோ சுமையை விலக்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் தட்டு இல்லை, முளைக்குச்சி இல்லை, சாரதி அமர்வதற்கு வேண்டிய அளவே இடம் உண்டு. எவ்வளவு மரத்தைக் குறைக்கலாமோ அவ்வளவையும் தச்சர் குறைத்திருப்பார். அதில் நான்கு மூட்டை நெல்லை ஏற்றினால் சட்டம் நெளியும்; அச்சு வளையும். அவ்வாறே, சுமை வண்டியைப் பந்தயத்தில் ஓட்டினால் அதன் கனமே மாட்டுக்குப் பகையாகிவிடும். ஒன்றன் குணமே மற்றொன்றுக்குக் குற்றமாக அமைகிறது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

மாட்டின் உடற்கூறு

வண்டிக்குச் சொன்ன இவ்வேற்றுமை மாட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். வேலை மாடு தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையை மணிக்கணக்கில் இடைவிடாது செலுத்தவல்லது. அதன் நடை மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் அளவே. நடை சிறிதாயினும் இழுவை நீடிப்பதே அதன் வலிமை. ஆகவே அதற்கு அகன்ற மார்பும், திரண்ட தோளும், குட்டையான உறுதியான கால்களும், அமைதியான குணமும் வேண்டும்.

பந்தய மாட்டுக்கு வேண்டுவன வேறு. இலேசான உடல், நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மூச்சு, குரலுக்கு உடனே எழும் சுறுசுறுப்பு ஆகியவை அதன் இலட்சணங்கள். அமைதியான குணத்தை அங்கே மந்தமென்பர். சுமை வண்டியில் இந்தச் சுறுசுறுப்பை முரட்டுத்தனமென்பர்.

தமிழ்நாட்டின் மாட்டினங்களும் இவ்வேற்றுமையை உணர்த்தும். கொங்கு நாட்டின் காங்கேயம் பாரம் இழுப்பதற்கும் ஏற்றம் இறைப்பதற்கும் பெயர் பெற்றது. திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளின் உம்பளச்சேரி மாடு உயரம் குறைந்தது. சேற்று வயலில் உழைப்பதற்கென்றே வளர்க்கப்பட்டது. அதன் காளைக் கன்றுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம், நெருங்கி வேலை செய்யும் மாட்டுக்குக் கொம்பு தேவையில்லை என்ற எண்ணத்தைக் காட்டுகிறது. சிவகங்கை, மதுரைப் பக்கத்துப் புலிக்குளம் மாடு வயல்களில் கிடை கட்டுவதற்கும் மஞ்சுவிரட்டுக்கும் உரியது. நம் முன்னோர் ஒவ்வொரு பயனுக்கும் ஓர் இனத்தைப் பேணினர். எல்லாப் பயனுக்கும் ஒன்றே போதும் என்று அவர்கள் கருதவில்லை.

ஒரே ஜோடி இரண்டுக்கும் ஆகுமா?

இதுவே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. ஆகாது என்பதே விடை. அதற்கான காரணங்கள் மூன்று.

முதலாவது, நடை. சுமை இழுத்துப் பழகிய மாடு தலையைத் தாழ்த்தி, குளம்பை ஊன்றி, சிற்றடி வைத்து நடக்கும். ஓட்ட மாடு தலையை உயர்த்தி நீண்ட அடி வைக்கும். ஒன்றுக்குப் பழகிய தசை மற்றொன்றில் விரைவில் சோர்ந்துபோகும்.

இரண்டாவது, புண். பாரம் இழுக்கும் மாட்டின் கழுத்தில் நுகம் பட்டுத் தோல் தடிக்கும். கவனியாவிடில் கட்டியும் புண்ணும் உண்டாகும். அக்கழுத்துடன் வேகமாக ஓடினால் புண் கிழியும். இதற்கு மாறாக, தார்ச் சாலையில் ஓடிக் குளம்பு தேய்ந்த மாடு சரளையில் சுமை இழுக்க மறுக்கும்.

மூன்றாவது, தீனி. வேலை மாடு வைக்கோல், சோளத்தட்டை, புல், சிறிது தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றால் நிறைவு பெறும். ஓட்ட மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, கொள், உளுந்து முதலிய வலுவான தீனியும், நீச்சலும், அன்றாட ஓட்டப் பயிற்சியும், பயிற்சி தரும் ஆளும் தேவை. அத்தீனியை வேலை மாட்டுக்குப் போட்டால் நஷ்டம். வேலை மாட்டின் தீனியை ஓட்ட மாட்டுக்குப் போட்டால் தோல்வி.

பந்தயங்களை நடத்துவோரும் இவ்வேற்றுமையை நன்கு அறிவர். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று உருவத்தையும் வயதையும் ஒட்டிப் பிரிவுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் போய்வர இத்தனை மைல் என்று தனித் தூரம் குறிக்கின்றனர். கொங்குப் பகுதியின் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுந்தூரமே ஓடுகின்றனர். ஓட்டத்துக்குள்ளேயே இத்தனை பிரிவுகள் இருக்கும்போது, ஓட்டத்தையும் சுமையையும் ஒரே மாட்டிடம் எதிர்பார்ப்பது பொருந்துமா?

வேலை நாள் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒரு ஜோடி வேலை மாட்டுக்கு நாள் ஒன்றுக்குத் தீனிச் செலவு ரூ.200 என்று கொள்வோம். மாடு வேலை செய்யாத நாளிலும் தின்னும்; ஆதலால் ஆண்டுக்கு 365 நாளுக்கும் கணக்கிட வேண்டும். தொகை ரூ.73,000. லாடம், மருந்து, வண்டிப் பழுது, மாட்டின் விலைத் தேய்மானம் ஆகியவற்றுக்கு ரூ.10,000 சேர்ப்போம். மொத்தம் ரூ.83,000.

வண்டி வாடகை நாள் ஒன்றுக்கு ரூ.1,000 கிடைப்பதாகக் கொள்வோம். 83 நாள் ஓடினால் செலவு தேறிவிடும் என்று உடனே தோன்றும். ஆனால் வண்டியோட்டுபவரின் கூலி எங்கே? தாமே ஓட்டினாலும் தம் உழைப்புக்கு ரூ.500 கூலி உண்டு. அதே நாளில் வேறு வேலைக்குச் சென்றிருந்தால் அது கைக்கு வந்திருக்கும். ஆகவே மாடும் வண்டியும் ஈட்டியது ரூ.500 மட்டுமே. 83,000ஐ 500ஆல் வகுத்தால் 166 வருகிறது. அதாவது, ஆண்டில் 166 நாள் வேலை கிடைத்தால்தான் சொந்த வண்டி தன் செலவைத் தானே தாங்கும்.

சொந்த வயலின் வைக்கோலும் தோட்டத்துப் புல்லும் உள்ளவருக்குத் தீனிக்குக் கைப்பணம் குறையும். நாள் கணக்கும் குறையும். மாட்டின் சாணத்தை எருவாகப் பயன்படுத்துவோர் அதன் மதிப்பையும் வரவில் சேர்க்கலாம். இவை யாவும் சேர்ந்தும் நூறு நாள் வேலைகூடத் தேறாது என்று கண்டால், சொந்த வண்டி வாங்குவதைவிட வேண்டியபோது வாடகைக்கு அமர்த்துவதே விவேகம்.

ஆற்று மணல் அள்ளும் வரும்படியை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. அனுமதியின்றி மணல் ஏற்றினால் மாடும் வண்டியும் பறிமுதலாகும், வழக்கும் வரும். அவ்வருவாயை நம்பி வாங்கிய ஜோடியின் கடனை அடைக்க வழியிராது.

இனிப் பந்தய ஜோடியின் கணக்கைப் பார்ப்போம். தீனி நாள் ஒன்றுக்கு ரூ.400 என்றால் ஆண்டுக்கு ரூ.1,46,000. ஆண்டில் 20 பந்தயங்களுக்குச் செல்வதாகவும், மாட்டை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கும் ஆட்களின் சாப்பாட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்குமாகத் தடவை ஒன்றுக்கு ரூ.5,000 ஆவதாகவும் கொண்டால் ரூ.1,00,000. மொத்தச் செலவு ரூ.2,46,000. இருபதில் நான்கில் பரிசு பெற்று, சராசரி ரூ.20,000 கிடைத்தால் வரவு ரூ.80,000. கைநஷ்டம் ரூ.1,66,000. நான்கு வெற்றி என்பது எளிதில் கிட்டக்கூடியதன்று என்பதையும், சாரதிக்கும் துணைச் சாரதிக்கும் பங்கு தர வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

"வென்ற மாட்டுக்கு இலட்சக்கணக்கில் விலை உண்டே" என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆயினும் அவ்விலை கடைசிப் பந்தயத்தின் வெற்றியைப் பொறுத்தது. ஒரு குளம்பு பிளந்தால், ஒரு முழங்கால் வீங்கினால், இலட்சத்தின் மாடு மறுநாளே சந்தை விலை மாடாகிவிடும். மேலும் பந்தயத்தில் ஓடும் ஜோடிகள் பல, வெல்பவை சில. சிலவற்றின் விலையைப் பார்த்துப் பலரும் வாங்குவது சூதாட்டத்தின் வழியே அன்றி விவசாயத்தின் வழி அன்று.

இயந்திர வண்டியிலும் இதே வேற்றுமை

இவ்வேற்றுமை மாட்டு வண்டிக்கு மட்டும் உரியதன்று. மேல்நாடுகளில் பருத்த டயர்களும் கைப்பிடியும் கொண்டு, மேடு பள்ளம் எதிலும் செல்லும் சிறு மோட்டார் வண்டிகள் உண்டு. 1970இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரம் கொண்ட இத்தகைய வண்டியொன்றை அமெரிக்காவில் வெளியிட்டது. முதலில் அது பொழுதுபோக்குக்கு உரியதாகவே இருந்தது. நாளடைவில் விவசாயிகளும் அதனைப் பண்ணை வேலைக்குப் பயன்படுத்தினர். 1982இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்து உயிர்ச்சேதம் விளைவித்தமையால், 1988இல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை அங்கு நிறுத்தப்பட்டது.

இன்று அவ்வண்டிகள் இரு வகையாகப் பிரிந்து நிற்கின்றன. வேலை வண்டியில் முன்னும் பின்னும் சுமைத் தட்டு, இழுவைக் கொக்கி, மெதுவாக நகர்ந்து அதிகம் இழுக்கும் தாழ் கியர், நான்கு சக்கரத்துக்கும் விசை ஆகியவை இருக்கும். விளையாட்டு வண்டியில் தட்டும் கொக்கியும் இரா, எடை குறைவு, குதித்து விழும் அதிர்ச்சியைத் தாங்கும் நீண்ட வில் அமைப்பு இருக்கும். நமது சுமை வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் உள்ள அதே வேற்றுமையை அங்கும் காண்கிறோம். மாட்டுக்குப் பதில் எந்திரம் வந்தபோதும் விதி மாறவில்லை.

இத்தகைய வண்டியைத் தென்னந்தோப்புக்கென வாங்க விரும்புவோர், பொதுச் சாலையில் ஓட்ட அதைப் பதிவு செய்ய இயலுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி தோப்பின் வேலிக்குள் அடங்க வேண்டியதே. நம்மவருள் பெரும்பாலோர்க்கு இதைக் காட்டிலும் பவர் டில்லரோ சிறு டிராக்டரோ பயன் மிக்கது. அவற்றையும் விலைக்கு வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வாயிலாகவும் பதிவு செய்யலாம். எந்த இயந்திரமாயினும், டிராக்டர் டிரெய்லரில் ஆட்களை ஏற்றித் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் செல்லும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். சுமைக்கென அமைந்த வண்டி மனிதருக்கு உரியதன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வேலைக்குத்தான் வேண்டும் என்று முடிவு செய்தபின் சந்தைக்குச் செல்ல வேண்டும். சந்தைக்குச் சென்றபின் முடிவு செய்தல் கூடாது. மணப்பாறைச் சந்தையிலும் பிற சந்தைகளிலும் நம்மவர் முதலில் சுழியைப் பார்க்கின்றனர். சுழி பார்ப்போர் பார்க்கட்டும். ஆயினும் சுழி வண்டி இழுப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் நலம். காலும் தோளும் குளம்புமே இழுக்கின்றன.

முதலில் பல். இரண்டு பல் மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயது. எட்டுப் பல்லும் நிறைந்ததற்கு நாலரை முதல் ஐந்து வயது இருக்கும். இளமாட்டை முழுச் சுமையில் பூட்டக்கூடாது. அடுத்தது குளம்பு. வெடிப்பின்றி, நான்கும் ஒத்த அளவில் இருத்தல் வேண்டும். அதன்பின் கழுத்து, நுகம் படும் இடத்தில் பழைய கட்டியோ தழும்போ உண்டா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பின்னர் ஜோடிப் பொருத்தம். உயரத்திலும் நடையிலும் ஒத்த இரு சாதாரண மாடுகள், ஒவ்வாத இரு சிறந்த மாடுகளைவிட மேலானவை. இறுதியாக, வெறும் நடையைப் பார்த்து விலை பேசாது, சுமை ஏற்றிய வண்டியில் பூட்டி, மேட்டில் ஏற்றிப் பார்த்தே விலை பேச வேண்டும். ஏற்றத்தில் நின்றபின் மீண்டும் குரலுக்கு எழும்பும் மாடே வேலை மாடு.

வாங்கியபின் கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாது போடுவித்தல் அவசியம். அவசர காலத்தில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இளைப்பாறுதலின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வேலை வாங்கக் கூடாது என்பது சட்ட விதி. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது. ஆணி வைத்த தார்க்குச்சியும் விலக்கப்பட்டதே.

பந்தயம் வேண்டாமா?

இதுவரை கூறியதைக் கொண்டு, பந்தயமே வேண்டாம் என்று இப்பாடம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். புதுக்கோட்டை காளைகளின் நாடு. கந்தர்வகோட்டை வட்டம் தச்சங்குறிச்சியில் பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டது உலக சாதனையாகப் பேசப்பட்டது. அன்றே அங்கு இருவர் உயிரிழந்தனர் என்பதும் அதனோடு சேர்ந்து நினைக்கத்தக்கதே. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியை ஒட்டித் தமிழ்நாடு தனித் திருத்தச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சட்டங்கள் செல்லும் என 2023 மே 18 அன்று அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட உரிமையைப் பொறுப்புடன் பேணுதல் நம் கடன்.

ஆதலின் பந்தய மாட்டை வருவாய்க்கான கருவி என்று கருதாமல், ஊரின் பெருமைக்கான செலவு என்று ஒப்புக்கொண்டு வளர்த்தல் வேண்டும். கோயில் தேரை யாரும் இலாபக் கணக்குப் பார்த்துச் செய்வதில்லை; கடன் வாங்கித் தனியொருவர் செய்வதும் இல்லை. ஊர் கூடிச் செய்கிறது. அம்முறையே இங்கும் சிறந்தது. இளைஞர் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, மாதந்தோறும் பங்குத் தொகை செலுத்தி, வரவு செலவை ஏட்டில் எழுதி, ஒரு ஜோடியை வளர்க்கலாம். தோற்றாலும் எவர் வீட்டு நகையும் அடகுக்குப் போகாது. பயிருக்கென்று வாங்கிய கடனைப் பந்தய மாட்டுக்குத் திருப்புவதோ, நிலத்தை ஈடு வைப்பதோ எக்காரணத்தாலும் கூடாது.

ஊராட்சியின் கடமைகள்

சுமை வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் ஊராட்சி செய்யத்தக்க உதவிகள் உண்டு. வருவாய்க் கணக்கில் வண்டிப் பாதை என்று பதிவாகியுள்ள பாதைகள் பல இடங்களில் வேலிக்குள் சென்றுவிட்டன. அவற்றை அளந்து மீட்டு, முள்ளை வெட்டிச் சீர் செய்தால், சுமை வண்டிக்கும் பவர் டில்லருக்கும் ஒருங்கே வழி பிறக்கும். மேய்ச்சல் புறம்போக்கைக் காத்தால் தீனிச் செலவு குறையும். கண்மாய்க் கரையில் கால்நடைத் தண்ணீர்த் தொட்டி அமைத்தல் மூன்றாவது பணி.

பந்தயம் நடக்கும் ஊரில், உரிய அனுமதி பெற்றபின்பே நாள் குறித்தல் வேண்டும். போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையை விடுத்து வேறு சாலையைத் தேர்தல், பந்தய வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் விரட்டிச் செல்வோரைத் தடுத்தல், கால்நடை மருத்துவர் சோதித்த மாட்டையே ஓடவிடுதல், வெயில் ஏறுமுன் முடித்தல், சிறுவரைச் சாலையோரத்தில் நிற்கவிடாது பாதுகாத்தல் ஆகியவை நிர்வாகிகளின் பொறுப்பு.

சுருங்கக் கூறின், "எது நல்ல வண்டி?" என்பது முதற் கேள்வி அன்று. "என் நிலத்தில், என் வேலைக்கு, ஆண்டில் எத்தனை நாள்?" என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை கண்டவர் சந்தையில் ஏமாறார். வேலைக்கு வேலை வண்டி, விழாவுக்கு விழா வண்டி, இரண்டுக்கும் வேலை நாள் போதாதவருக்கு வாடகை வண்டி. இவற்றைப் பிரித்தறிந்து தேர்ந்தால், உழவர் வீட்டில் கடன் தங்காது; மாட்டின் கழுத்தில் புண் தங்காது.

கிராமக் கூட்டங்களில் கலந்து ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் சுமை வண்டி வைத்திருப்போர் எத்தனை பேர்? அவர்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது?

2. பாடத்தில் காட்டிய முறைப்படி, நம் ஊர்த் தீனி விலையையும் கூலியையும் இட்டுக் கணக்கிட்டால் சொந்த வண்டிக்கு எத்தனை வேலை நாள் தேவைப்படுகிறது?

3. கணக்கில் உள்ள வண்டிப் பாதைகளுள் இன்று வண்டி செல்லக்கூடியவை எவை? அடைபட்டவை எவை?

4. நம் ஊரில் பந்தய மாடு வளர்ப்போர் தனித்தனியே கடன்படாமல் கூட்டாக வளர்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்?